வாசகர் கேள்விகள்: காதலும் கொலையும் ஒரே கதையில்

கேள்வி: பாம்பன் பகுதியில் தொடர் கொலைகாரனைத் தேடும் பெண் இன்ஸ்பெக்டருக்கும் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்கும் காதல் மலர்வதாக நாவல் எழுதி வருகிறேன். படித்துப் பார்த்த தோழி, "காதல் அத்தியாயம் வந்தால் விசாரணை படுத்துவிடுகிறது" என்கிறாள். என்ன செய்யலாம்? (வாசகி, தொண்டி)

பதில்: தோழி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஓர் அத்தியாயம் பிணம், அடுத்த அத்தியாயம் கடற்கரையில் கைகோத்து நடை என்று மாற்றி மாற்றி எழுதினால், இரண்டில் ஒன்றை வாசகர் புரட்டிவிட்டுத் தாண்டிப் போவார். காதலையும் துப்பறிதலையும் ஒரே சம்பவம் நகர்த்த வேண்டும். உங்கள் நாயகன் மருத்துவர் என்பதால் அதற்கு வழியும் இருக்கிறது.

நீரில் மூழ்கும்போது உயிர் இருந்தால், நுரையீரலுக்குள் போகும் தண்ணீரிலுள்ள டயாட்டம் எனும் நுண்பாசிகள் ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை சென்றுவிடும். கடல்நீரின் டயாட்டம் வேறு, ஊருணியின் டயாட்டம் வேறு. மண்டபத்தின் வடகரையில் ஒதுங்கிய மூன்றாவது உடலின் மஜ்ஜையில் நன்னீர் வகை மட்டுமே இருக்கிறது என்ற அறிக்கை மருத்துவரின் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இன்ஸ்பெக்டரோ, கடலில் தள்ளிக் கொன்றதாக ஒரு படகுக்காரரைக் கைது செய்து மேலதிகாரிகளிடம் பாராட்டும் வாங்கிவிட்டார். சொன்னால் அவருடைய வழக்கு உடையும். சொல்லாவிட்டால் குற்றமற்றவர் சிறையில் கிடக்க, கொலைகாரன் ஊருணிக் கரையில் அடுத்த ஆளைத் தேடுவான். இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்று வல்லுநர்களே தயங்குவதால், சொல்லாமலிருக்க அவருக்கு ஒரு சாக்கும் கிடைக்கிறது. அந்தத் தயக்கத்தை இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கும் இடம்தான் உங்கள் நாவலின் உச்சம். கடைசியில் நாயகியைக் கொலைகாரன் கடத்திச் செல்லும் காட்சியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

காலத்தையும் கவனியுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் நீரோட்டம் மன்னார் வளைகுடாவிலிருந்து பாம்பன் கால்வாய் வழியே பாக் விரிகுடாவுக்குப் போகும். வாடைக் காலத்தில் திசை மாறிவிடும். தென்கடலில் போட்ட உடல் மார்கழியில் வடகரையில் ஒதுங்கியதாக எழுதினால், ராமேஸ்வரத்து மீனவர் எவரும் புத்தகத்தை மூடிவிடுவார்.

கேள்வி: கொலைகாரன் யார் என்பதை வாசகருக்கு முன்பே சொல்லிவிடலாமா? (வாசகர், பரமக்குடி)

பதில்: தாராளமாகச் சொல்லலாம், நாயகிக்குத் தெரியாதவரை. ஆனால் நாயகியை ஒருதலையாகக் காதலிக்கும் மூன்றாம் ஆளையே கொலைகாரனாக்காதீர்கள். அதை எல்லோரும் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஊகித்துவிடுவார்கள்.

கேள்வி: என் கதையில் முதல் பிணத்தைப் பார்த்ததுமே போலீசார் "இது தொடர் கொலை" என்கிறார்கள். நம்பும்படி இருக்குமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: இருக்காது. கரையில் ஒதுங்கும் உடல் பெரும்பாலும் முதலில் சந்தேக மரணமாகவே பதிவாகும். 2024 ஜூலை 1 முதல் அதற்குரியது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவு. தேவிபட்டினத்தில் ஒன்று, ஏர்வாடியில் ஒன்று, சாயல்குடியில் ஒன்று என மூன்று காவல் நிலையங்களில் மூன்று கோப்புகள் தனித்தனியே தூங்கும். அவற்றை ஒருவர் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்வரை கொலைகாரனுக்கு அவகாசம் உண்டு; நாவலின் முதல் பாதியே அதற்குச் சரியாக இருக்கும். இன்னொன்று, இரண்டாவது உடலை மே மாதம் விசைப்படகு வலையில் சிக்கவைத்திருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகுக்காரரோ கரைவலை இழுப்பவரோ கண்டெடுத்ததாக மாற்றிவிடுங்கள்.