ஒரு மில்லிநொடி ரேடியோ வெடிப்பை வைத்து பிரபஞ்சத்தின் அமைப்பை எப்படி அறிகிறார்கள்?

தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும், சில மில்லிநொடிகளே நீடிக்கும் ரேடியோ அலைத் துடிப்பைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். வெடிப்பு எதனால் வருகிறது என்பதை இங்கே ஓரமாக வைத்துவிடலாம். அது வந்த வழிதான் முக்கியம்.

கிளம்பும்போது எல்லா அதிர்வெண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்புகின்றன. வழியில் எலக்ட்ரான்கள் இருந்தால் குறைந்த அதிர்வெண் அலைகள் பின்தங்கிவிடும். அதிர்வெண் பாதியானால் தாமதம் நான்கு மடங்கு. தொலைநோக்கித் தரவைப் படமாகப் போட்டால், மேலிருந்து கீழாக வளைந்து சரியும் ஒரு கோடு தெரியும். அந்த வளைவை அளந்தால், வழி நெடுக மொத்தம் எவ்வளவு எலக்ட்ரான்கள் என்ற கணக்கு கையில் வந்துவிடும்.

சரி, இதனால் என்ன லாபம்? பெருவெடிப்புக் கணக்குப்படி இருக்க வேண்டிய சாதாரணப் பருப்பொருளில் கணிசமான பங்கை ரொம்ப நாளாகக் காணவில்லை. விண்மீன் மண்டலங்களுக்கு இடையே மெல்லிய வாயுவாகப் பரவியிருந்ததால் கண்ணில் படவில்லை. 2020-இல் வானியலாளர் ஜான்-பியர் மெக்வார்ட் குழு, ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி பிடித்த வெடிப்புகளை வைத்து அது அங்கேதான் இருக்கிறது என்று காட்டியது. 2025-இல் 69 வெடிப்புகளை ஆராய்ந்த இன்னொரு குழு, சாதாரணப் பருப்பொருளில் சுமார் 76 சதவீதம் அந்த இடைவெளியில்தான் என்றது.

பாதை வாயு இழைகள் வழியே போனால் எலக்ட்ரான் கூடும், வாயு மிகக் குறைந்த வெற்றுவெளி வழியே போனால் குறையும். ஒரே தூரத்து வெடிப்புகளுக்கு இடையே உள்ள இந்த ஏற்ற இறக்கமே அண்ட வலையின், அதாவது இழைகளும் வெற்றுவெளிகளுமாகப் பின்னிய பிரபஞ்ச அமைப்பின், தடயம்.

ஒரு தொல்லை: வெடிப்பு கிளம்பிய மண்டலத்தின் சொந்த எலக்ட்ரான்களும் கணக்கில் கலந்துவிடும். அப்புறம் தூரம் தெரிய அந்த மண்டலத்தையே அடையாளம் காண வேண்டும். கனடாவின் சைம் தொலைநோக்கி ஆயிரக்கணக்கில் பிடித்தும், பெரும்பாலானவற்றுக்கு ஊர் பேர் தெரியாது.