பதில்: பிஎக்ஸ்எஸ்பி ஆண் எலிகளில் டிஎல்ஆர்7 வரிசை சரியாகவே இருக்கிறது, லூபஸ் எப்படி?

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்; அது தானாக வரும் ஆய்வக எலி வகைதான் பிஎக்ஸ்எஸ்பி. டிஎல்ஆர்7 மரபணுவின் டிஎன்ஏவில் எழுத்துப் பிழை தேடினால் கிடைக்காது. உங்கள் ஆண் எலிகளில் டிஎல்ஆர்7 கெடவில்லை, இரண்டு பிரதி இருக்கிறது. வரிசையைப் படிக்கும்போது இரண்டு பிரதிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதால் எல்லாம் சரியாகவே தெரியும்.

காரணம் 'யா' எனப்படும் ஒய் குரோமோசோம். எக்ஸின் ஒரு துண்டு அதில் வந்து ஒட்டிக்கொண்டது 2006இல் தெரியவந்தது. அந்தத் துண்டில் டிஎல்ஆர்7 இருக்கிறது. வைரஸ் ஆர்என்ஏவைப் பிடிக்கும் காவலாளி அது. எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பி செல்லில் காவலாளி இரட்டித்தால், செத்த செல்லிலிருந்து சிந்தும் நம் சொந்த ஆர்என்ஏவுக்கே மணி அடித்துவிடுகிறது.

சோதிக்க, வாலில் எடுத்த டிஎன்ஏவில் கியூபிசிஆர் போடுங்கள், அதாவது டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அதன் அளவைக் காட்டும் சோதனை. ஒப்பீட்டுக்குப் பாலினக் குரோமோசோமில் இல்லாத ஒரு மரபணு போதும். சாதாரண ஆணைவிட யா ஆணில் டிஎல்ஆர்7 கோடு ஏறக்குறைய ஒரு சுழற்சி முன்னதாக எழும்ப வேண்டும், அதாவது பெண் எலியின் அளவுக்கு. ஆர்என்ஏவில் அளக்காதீர்கள். அழற்சி இருந்தாலே அது ஏறும், குழம்பிப்போவீர்கள்.

ஒன்று, இரட்டிப்பு வந்துவிட்டால் மட்டும் லூபஸ் வந்துவிடாது. இதே யாவை பி6 என்ற சாதாரண ஆய்வக எலி வகைக்கு மாற்றினால் கடும் நோய் வருவதில்லை, மற்ற மரபணுக்களும் ஒத்துழைக்க வேண்டும். துண்டில் வேறு மரபணுக்களும் வந்திருக்கின்றன. ஆனாலும் டிஎல்ஆர்7ஐ மட்டும் ஒன்றாகக் குறைத்தபோது நோய் பெரிதும் தணிந்தது. அதனால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான்.

அப்புறம், கூடுதல் பிரதி என்றாலே கெடுதல் என்று எழுதிவிடாதீர்கள். மனிதரில் சி4 என்ற நோய் எதிர்ப்பு மரபணு நேர்மாறு: பிரதி குறைந்தால்தான் லூபஸ் அபாயம் கூடுகிறது.