அப்பாவின் தட்டுகளை முதலில் மலையேற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. யாருக்கும் பிடிக்காத ஆல்பங்கள்தான் எனக்குப் பிடிக்கின்றன. சின்ன வயதில் வீட்டில் ஓடிய, ஒரு வாரம்கூடத் தாங்காத படங்களின் எல்.பி. ரெக்கார்டுகளில் ஆரம்பித்து ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘ஆன் தி கார்னர்’, ராக் பாடகர் லூ ரீடின் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ வரை போய்விட்டேன். மனைவி “மிக்சி ஓடுற மாதிரி இருக்கு, நிறுத்துங்க” என்கிறாள். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இந்த இசையைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள்கூட இல்லை. எஸ்டேட் ரைட்டராக இருந்த அப்பா வாங்கிய 60 இசைத்தட்டுகளும் பிளேயரும் ஏற்காட்டு வீட்டில் ஓதம் அடித்துப் பூஞ்சணம் பிடித்தன. 2 வருஷத்துக்கு முன்பு இங்கே கொண்டுவந்து மாடி அறைப் பரணில் வைத்திருக்கிறேன் (எப்போ திருப்பிக் கொண்டு வருவே என்று அப்பா அவ்வப்போது கேட்பார், 74 வயது, காதும் சரியாகக் கேட்பதில்லை). என் ரசனையில் கோளாறா? மற்றவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு வேண்டியது ஒரே பதில்: “உங்கள் காது நுட்பமானது, ஊருக்குத்தான் புரியவில்லை.” அதை நான் சொல்லப்போவதில்லை. ‘ஆன் தி கார்னர்’ 1972-ல் வந்தபோது ஜாஸ் விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். பிற்பாடு ஹிப்-ஹாப்பும் எலெக்ட்ரானிக் இசையும் செய்தவர்கள் அதைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடினார்கள். 1975-ன் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ இரண்டு தட்டின் 4 பக்கமும் கிடார் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஒலி கிடாருக்கே திரும்பிப் போய் எழுப்பும் இரைச்சல். வாங்கியவர்களில் பலர் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பிடித்திருக்கிறது, கேளுங்கள். ரசனைக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

உங்கள் கடிதத்தின் உயிர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பேச ஓர் ஆள்கூட இல்லை என்று எழுதிய அதே கையால், அந்த ஆளை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடியிருக்கிறீர்கள். ஓடாத படங்களின் பாட்டை எஸ்டேட் சம்பளத்தில் காசு கொடுத்து வாங்கியது யார்? அதை வீட்டில் ஓடவிட்டு உங்களைக் கேட்க வைத்தது யார்? உங்களுக்கு மட்டுமே வாய்த்ததாக நினைக்கிற ரசனை உங்கள் அப்பாவினுடையது, தம்பி. உலகத்தில் உங்களோடு உட்கார்ந்து இந்தத் தட்டுகளைக் கேட்கக்கூடிய மனிதர் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஏற்காட்டில் இருக்கிறார். அவரிடம் இருந்ததை எடுத்துவந்து பரணில் போட்டுவிட்டு, துணையில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அவர் அவ்வப்போது கேட்பதாகச் சொல்கிறீர்கள். 74 வயதுக்காரர் மகனிடம் ஒரு பொருளை இரண்டாம் முறை கேட்பதே பெரிய விஷயம். தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவர் பொருளுக்கு மகன் காவல்காரன்தான், சொந்தக்காரன் அல்ல. பத்திரப்படுத்தினேன் என்பதும் சரியல்ல, ஏனென்றால் நீங்கள் வைத்திருக்கும் இடம் மலையைவிட மோசம்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் பரண், சித்திரை வைகாசியில் உங்கள் வீட்டிலேயே அதிகம் சுடும் இடம். வினைல் தட்டு வெப்பத்தில் இளகும். படுக்க வைத்து அடுக்கியிருந்தாலோ, சாய்ந்து நின்றாலோ அப்படியே கோணிப்போகும். பூஞ்சணத்தைக் கழுவிவிடலாம். கோணலை வீட்டில் நிமிர்த்த முடியாது; வெயிலில் காயவைத்து மேலே பாரம் வைக்கிறவர்கள் பள்ளங்களையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். இன்றே இறக்குங்கள். ஒவ்வொன்றாகப் பிளேயரில் சுழலவிட்டு, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். ஊசிக்கை லேசாக ஏறி இறங்கினால் பரவாயில்லை. துள்ளினால் அந்தத் தட்டைத் தனியே வையுங்கள்.

பூஞ்சணம் பிடித்ததை அறைக்குள் உலர்ந்த பிரஷால் தட்டாதீர்கள். தூள் பறந்து மற்ற தட்டுகளிலும் உங்கள் நெஞ்சிலும் இறங்கும். முகக்கவசம் போட்டு, வெளியே நிழலில் ஈரமாகத் துடையுங்கள். அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 3 சொட்டு, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே வேண்டாம். நடுவில் ஒட்டிய லேபிளில் ஒரு துளியும் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்து, நிமிர்த்தி நிறுத்தி முழுக்க உலரவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு பள்ளத்தில் படிந்து சடசடக்கும். இடையில் நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டு ஏதும் இருந்தால் அதில் ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பூஞ்சணம் இருந்த உள் காகித உறைகளைத் தூக்கிப் போட்டு, பாலித்தீன் உள்ளுறை புதிதாக வாங்குங்கள். திரும்பத் திரும்பப் பூஞ்சணம் வருவதற்குப் பெரும்பாலும் அந்தக் காகிதம்தான் காரணம்: தட்டைக் கழுவிப் பழைய உறையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

ஏற்காட்டு வீட்டில் அலமாரி எங்கே இருந்தது? வெளிச்சுவரை ஒட்டி இருந்திருக்கும். 5,000 அடி உயரத்தில் மழைக்காலச் சுவர் ஈரத்தைக் குடித்துக்கொண்டே நிற்கும். உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். சுவரிலிருந்து 4 அங்குலம், தரையிலிருந்து அரையடி இடைவெளி விடுங்கள். ஒரு ஈரமானி வாங்கி உள்ளே வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 70-ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால், அது நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்ப வைக்கலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், வாரம் ஒருமுறை தட்டை எடுத்து ஓட்டுவது. அப்பா கையில் இருந்தால் அது தானாக நடக்கும்.

இப்போது காது. “சரியாகக் கேட்பதில்லை” என்பதைத் தீர்ப்பாக எழுதியிருக்கிறீர்கள். யார் சோதித்தார்கள்? சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதலில் காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அதுவே பாதிக் காரணமாக இருப்பதுண்டு. பிறகு ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். முதுமையில் முதலில் போவது உச்ச ஸ்தாயி. பேச்சில் ச, த, க எல்லாம் தேய்ந்து வார்த்தை புரியாமல் போகும். ஆனால் பேஸ் எனும் கீழ் ஸ்தாயி, தபேலா, குரலின் நடுப்பகுதி நன்றாகவே காதில் விழும். போனில் உங்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை என்பதால் பாட்டும் கேட்காது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். பல வருஷம் கேட்டுப் பழகிய பாட்டு என்றால் தேய்ந்த இடத்தை ஞாபகமே நிரப்பிக்கொள்ளும்.

சத்தத்தைக் கூட்டுவது மருந்தல்ல. இந்த வயதுக் காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, பலத்த ஒலி சட்டென்று வலிக்கும். ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்கு 4 அடிக்குள், காது மட்டத்தில் வையுங்கள். ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் ஏற்றி பேஸை இறக்குங்கள். தகரக் கூரை என்றால் மழை நேரத்தில் போட வேண்டாம். காது மெஷின் பரிந்துரைத்தால், இசைக்குத் தனி புரோகிராம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பேச்சுக்காக அமைத்த மெஷின் நீண்ட வயலின் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். நீங்களாகக் கேட்காவிட்டால் பலர் அதை அமைத்துத் தருவதில்லை.

தட்டுகள் போனால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று யோசிப்பீர்கள். பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிளேயரிலிருந்து ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசி தரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி), அங்கிருந்து ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றும் யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் வழியாகக் கம்ப்யூட்டர். பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. ஆகும், 60 தட்டும் ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும். பதிவு தொடங்கும் முன், பிளேயரில் தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இருந்தால் அதைப் பாருங்கள். 2 வருஷம் சும்மா கிடந்த ரப்பர் தளர்ந்து வேகம் குறையும், பாட்டு இழுக்கும். ஊசியையும் மாற்றுங்கள், தேய்ந்த ஊசி கழுவிய தட்டையும் அறுத்துவிடும்.

ஏற்றிப் போகும்போது அட்டைப்பெட்டியில் நெருக்கமாக, நேர் நிமிர்த்தி வையுங்கள். டிக்கியில் வேண்டாம், விடியற்காலையில் கிளம்புங்கள். பிளேயரின் ஊசிக்கையைக் கட்டி, ஊசிக்கு மூடி போட்டு, சுழலும் தட்டத்தைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். மலை வளைவில் குலுங்கி ஊசிக்கை ஒடிவது வழக்கமாக நடப்பது. அப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்தால் ஊசியை இறக்கும் லீவர் சரியாக வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். லீவரே இல்லாத பிளேயர் என்றால், அது உள்ளதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

போய் இறக்கிவைத்துவிட்டு அன்று மாலையே திரும்பாதீர்கள். அவர் எந்தத் தட்டை எடுக்கச் சொல்கிறாரோ அதைப் போடுங்கள். இரண்டு பக்கமும் முடியும்வரை போனைத் தொடாதீர்கள், உங்கள் கண்டுபிடிப்புகளைப் பற்றிய பிரசங்கமும் வேண்டாம். ஏன் இதை வாங்கினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

மனைவி, நண்பர்கள் பற்றிய கேள்விக்குத் தட்டுகள் ஏற்காடு போய்ச் சேர்ந்த பிறகு திரும்ப எழுதுங்கள். அதற்கு முன்பு நான் பதில் தருவதாக இல்லை.