ஜெனரேட்டர் சத்தமும் கறவைப் பசுவின் செவியும்

கேள்வி: எங்கள் தொழுவத்தை ஒட்டிய தகரச் சாய்ப்பில் ஓராண்டாக டீசல் ஜெனரேட்டரும் புல் நறுக்கும் இயந்திரமும் ஓடுகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் கலப்பினப் பசு, முன்பெல்லாம் பெயர் சொன்னால் திரும்பும். இப்போது மின்விசிறி ஓடினாலே என் குரலைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் வாளி விழுந்தால் துள்ளுகிறது. அங்கேயே அடையும் கோழிகள் நன்றாக இருக்கின்றன. பசுவுக்குக் காது போய்விட்டதா? மருந்து உண்டா?

பதில்: நீங்கள் கவனித்திருக்கும் அந்த வேறுபாடுதான், அதாவது குரல் பிடிபடாமல் போவதும் வாளிச் சத்தம் மட்டும் துள்ள வைப்பதும், உட்செவி பழுதின் முக்கியமான அறிகுறி. பசுவுக்குக் காது முழுவதும் கேட்காமல் போயிருந்தால் வாளிச் சத்தத்துக்கும் அது அசைந்திருக்காது.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதனுள் நீளும் சவ்வின் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு உரியது. வாயிலருகே கீச்சொலிகளும் உள்முனையில் கனத்த ஒலிகளும் பதிகின்றன. சவ்வின் மேல் வரிசையாக நிற்கும் வெளி மயிர்ச் செல்கள், மெல்லிய ஒலி வரும்போது தாமே நீண்டும் சுருங்கியும் அதை அதற்குரிய இடத்தில் மட்டும் பெருக்கிக் கொடுப்பதால்தான் ஓர் ஒலியை இன்னொன்றிலிருந்து செவியால் கூர்மையாகப் பிரிக்க முடிகிறது. ஓயாத இரைச்சலில் முதலில் கெடுபவை பெரும்பாலும் இவையே. இரைச்சலுக்கு ஆளான பூனைகளின் செவி நரம்பிழைகளை 1978-இல் லிபர்மனும் கியாங்கும் ஆராய்ந்தபோது, குறுகிய அதிர்வெண்ணுக்கு மட்டும் கூர்மையாக இசைந்திருக்க வேண்டிய இழைகள் அந்தக் கூர்மையை இழந்திருந்தன. உங்கள் பசுவின் செவியிலும் இதே நிலை என்றால், மின்விசிறியின் இரைச்சலும் உங்கள் குரலும் ஒன்றாகக் கலந்துதான் அதற்குக் கேட்கும். ஆகவே உரக்கக் கூப்பிடுவதால் பெரிய பயன் இராது. வாளிச் சத்தம் போன்ற பெரிய ஒலிக்கு அந்தப் பெருக்கல் தேவையில்லை என்பதால், அது பழைய வேகத்திலேயே பசுவைத் தாக்குகிறது.

கோழிகளைப் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. சத்தத்தால் அழிந்த மயிர்ச் செல்கள் கோழியிலும் காடையிலும் மீண்டும் முளைப்பதை 1988-இல் கண்டறிந்தார்கள். மாடு, ஆடு, நாய், மனிதர் ஆகியோருக்கு அந்த வரம் இல்லை. எனவே கோழிகள் நலமாக இருப்பதை வைத்து அந்த இடம் பாதுகாப்பானது என்று முடிவு செய்ய வேண்டாம். கெட்ட செல்களைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து மாட்டுக்கு இல்லை என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். சத்தம் நின்றபின் சில நாள்களிலிருந்து சில வாரங்களில் தானாக மீள்வது மட்டுமே மீளும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜெனரேட்டரையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, பசுவின் பார்வை படாதபடி ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை மெல்லக் குலுக்குங்கள். மனிதருக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; மாட்டுக்கு ஏறத்தாழ 35,000 வரை கேட்கும் என்பதால் சாவிக்கொத்தின் கீச்சொலி அதற்கு எளிதில் எட்டும். நல்ல செவியுள்ள மாடு தலையை அசைக்காமலேயே காது மடலை மட்டும் ஒலி வந்த பக்கம் திருப்பும். பிறகு மின்விசிறியை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். தொலைவில் கட்டியிருக்கும் மாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கால்நடை மருத்துவரிடம் காட்டும்போது, காதில் உண்ணியோ சீழோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளும் இதே மயிர்ச் செல்களைக் கெடுக்கக்கூடியவை என்பதால், முன்பு போட்ட ஊசிகளின் விவரத்தையும் தவறாமல் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரை உடனே இடம் மாற்றுங்கள். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 5 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் குறைந்துவிடும். தகரச் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும் என்பதால், அந்தச் சாய்ப்பில் இயந்திரத்தை வைத்திருப்பது இரட்டைக் கேடு. புகைக்குழாயைத் தொழுவத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். கறவை நேரத்தில் புல் நறுக்க வேண்டாம். மிரண்ட பசுவுக்கு அட்ரினலின் சுரந்து பால் இறங்குவது தடைபடும். இந்தப் பசுவை நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டு போகாமல், அதன் கண்ணில் படும்படி பக்கவாட்டில் வந்து, கழுத்தில் கை வைத்த பிறகு கயிற்றை அவிழுங்கள்.