தேயிலையை அடகு வைத்து ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை நோயாளி. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் வந்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை. வலியும் இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் விரலை எடுக்க வேண்டாம், மூன்று லட்சம் ஆகும், கோவையில் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் தெரிந்த ஒருவர். அரை ஏக்கர் தேயிலையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அந்தத் தெரிந்தவருக்கு இதில் எவ்வளவு கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

ஸ்டெம் செல்லே, அதாவது உடம்பின் மூல செல்லே, ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்லைப் போட்டால், அது சில பொருள்களைச் சுரந்து, பக்கத்தில் புது ரத்தக்குழாய் முளைக்கவும் அழற்சி தணியவும் உதவும். அதுவே புதுத் தோலாக மாறிவிடும் என்பதெல்லாம் ஏஜென்ட் கதை. சர்க்கரைப் புண்ணுக்கு இது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ஆய்வில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது, ஆய்வுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மூன்று லட்சம் கேட்பவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள், அதற்கப்புறம் போனை எடுக்கிறாரா பாருங்கள்.

இன்னொரு தில்லுமுல்லு, கையில் ரத்தம் எடுத்து மெஷினில் சுழற்றி, அரை மணி நேரத்தில் புண்ணில் போட்டுவிட்டு ஸ்டெம் செல் என்று பில் போடுவது. அது பி.ஆர்.பி., ரத்தத்தில் இருக்கும் வெறும் தட்டணு (பிளேட்லெட்). ஸ்டெம் செல்லை வளர்க்க லேப்பில் வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏஜென்டுகள் அதைத்தான் காட்டி மயக்குவார்கள். பெங்களூர் நிறுவனம் ஒன்றின் ஸ்டெம்பியூசெல் என்ற ஸ்டெம் செல் மருந்துக்கு 2020-ல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் எதற்கு? பீடி, சிகரெட்டால் வரும் பர்ஜர் நோயிலோ கொழுப்பு படிந்தோ காலின் ரத்தக்குழாய் அடைத்து, கால் போகும் நிலையில் இருப்பவர்களுக்கு. கெண்டைக்கால் சதையிலும் புண்ணைச் சுற்றியும் போடுவார்கள். சர்க்கரை இருக்கிறது, புண் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது பொருந்தாது. அடைப்பு இருக்க வேண்டும், அதுவும் முற்றிய அடைப்பு. அப்பாவுக்கு அடைப்பு இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லவே இல்லை.

எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். சர்க்கரை டாக்டர் சர்ஜனிடம் அனுப்புவார், சர்ஜன் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதுவார், அதற்கு மலை இறங்கச் சொல்வார்கள், ரிப்போர்ட்டோடு வந்தால் டாக்டர் லீவு. கட்டைப் பிரித்துக் காலைப் பார்க்காமலே மாத்திரை எழுதிய சீட்டுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். இந்த அலைச்சலில் சோர்ந்தவரைத்தான் ஏஜென்ட் பிடிக்கிறார்.

அப்பாவுக்கு வலி இல்லாததுதான் ஆபத்து. நரம்பு மரத்துவிட்டது, அதனால் புண்ணின் மேலேயே நடக்கிறார். நம் ஊர் இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடை முன்பாதத்தில்தான் இறங்கும். புண்ணைச் சுற்றி வெள்ளையாகத் தடித்த காய்ப்பு இருக்கும் பாருங்கள், அந்த அழுத்தத்தால் வந்தது அது. டாக்டர் அதைச் சீவி எடுத்து, எலும்பில் கிருமி இல்லை என்று எக்ஸ்ரே பார்த்து, ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டுப் பாரத்தை எடுத்தாலே இந்த மாதிரிப் புண்களில் பெரும்பாலானவை ஆறிவிடும். ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளும்தான். குளிருக்கு அடுப்போரம் காலை நீட்டி உட்காரக் கூடாது, மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் கண்ணில் படும்.

இந்த வாரமே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். நாலு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கவில்லை என்றால் அடைப்பையும் எலும்பையும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்பே கால் சிவந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.