ஒப்பந்த மின்னணு உற்பத்தி: கேள்விகளும் பதில்களும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிராசஸ் இன்ஜினியராக நெடுநாளாக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் வடிவமைத்த சர்க்யூட் போர்டுக்கு உதிரிபாகம் வாங்கி, பொருத்தி, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்புவது எங்கள் தொழில். இ.எம்.எஸ். (மின்னணு உற்பத்திச் சேவை) என்பார்கள். எனக்குத் தெரிந்த எல்லைக்குள் பதில் சொல்கிறேன்.

கோவையில் பம்ப் கன்ட்ரோலர் செய்கிறோம். முன்மாதிரி நன்றாக ஓடியது. வெளியே கொடுத்துச் செய்தால், பல போர்டுகளில் குட்டி ரெசிஸ்டர் ஒரு முனையில் எழுந்து நிற்கிறது. அசெம்பிளிக்காரர் சரியில்லையா மேடம்?

முதலில் ஒன்று பாருங்கள். எப்போதும் அதே ரெசிஸ்டர்தான் எழுந்து நிற்கிறதா, அல்லது போர்டுக்குப் போர்டு இடம் மாறுகிறதா? இடம் மாறினால் பேஸ்ட் (சால்டர் பசை) அச்சிடுவதிலோ, பாகத்தை வைப்பதிலோ விலகல் இருக்கலாம், அசெம்பிளிக்காரரைக் கேளுங்கள். ஒரே இடம் என்றால் பெரும்பாலும் உங்கள் லேஅவுட்தான் (போர்டில் செம்பும் பாகமும் அமையும் வரைபடம்) காரணம்.

லைனில் இதை டூம்ஸ்டோன் என்போம். ரெசிஸ்டரின் ஒரு பேட் (முனை உட்காரும் செம்புத் திட்டு) மெல்லிய டிரேஸில் (செம்புக் கோட்டில்) சேர்ந்திருக்கும். இன்னொன்று நேராகப் பெரிய கிரவுண்ட் செம்புப் பரப்போடு ஒட்டியிருக்கும். ஓவனுக்குள் போனதும் அந்தச் செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரியாவது வேண்டும். டிரேஸ் பக்கம் அந்தச் சூட்டை முதலில் எட்டி உருகும். மறுபக்கம் இன்னும் மாவாகவே இருக்கும். உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை 1 மில்லிமீட்டர் நீளமுள்ள பாகத்தை நிமிர்த்திவிடும். பேடையும் கிரவுண்டையும் முழுசாக ஒட்டாமல் நான்கு மெல்லிய கால்களால் இணையுங்கள். இரண்டு பேடும் ஒரே அளவில் இருக்கட்டும். முன்மாதிரியைக் கையால் சால்டர் செய்திருப்பீர்கள், அதனால் அப்போது தெரிந்திருக்காது.

அடுத்த முறை கெர்பர் கோப்பை (போர்டின் வரைபடக் கோப்பு) முடிவு செய்வதற்கு முன்பே அசெம்பிளிக்காரரிடம் காட்டி, டி.எஃப்.எம். அறிக்கை (இந்த வடிவமைப்பைச் சிக்கலில்லாமல் உற்பத்தி செய்ய முடியுமா என்ற ஆய்வு) எழுத்தில் வாங்குங்கள். அப்போது திருத்தினால் செலவு மிகக் குறைவு.

ஒரு போர்டுக்கு எவ்வளவு ஆகும்?

எத்தனை பாகம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, எத்தனை போர்டு, என்ன சோதனை என்று தெரியாமல் சொல்ல முடியாது. பி.ஓ.எம். (பாகங்களின் பட்டியல்), கெர்பர், பாகம் வைக்கும் கோப்பு மூன்றையும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி விலை கேளுங்கள். ஸ்டென்சில் (பேஸ்ட் அச்சிடும் துளைத் தகடு), ஃபிக்ஸ்சர் (சோதனையில் போர்டைப் பிடிக்கும் சட்டம்) போன்ற ஒருமுறைச் செலவைத் தனியே எழுதச் சொல்லுங்கள்.

சிப் தட்டுப்பாடெல்லாம் 2022, 23-லேயே தணிந்துவிட்டது. இன்னும் ஒவ்வொரு பாகத்துக்கும் மாற்று தேடிக்கொண்டிருக்க வேண்டுமா? எங்கள் டிசைனர் நேர விரயம் என்கிறார்.

வேண்டும். இதை நான் சலிக்காமல் சொல்வேன்: பி.ஓ.எம்.மின் ஒவ்வொரு வரியிலும் குறைந்தது இரண்டு பார்ட் நம்பர் இருக்கட்டும்.

2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் அசாஹி கசேய் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பிடித்தது. அதன் ஆடியோ கன்வர்ட்டர்களை நம்பியிருந்தவர்கள் போர்டையே மறுபடி வரைய வேண்டி வந்தது. அது விலையுள்ள சிறப்புப் பாகம், நமக்கு வராது என்று நினைத்தால் அடுத்ததைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் இறுதியில், சீன உரிமையாளர்களைக் கொண்ட நெதர்லாந்து சிப் நிறுவனம் நெக்ஸ்பீரியாவின் நிர்வாகத்தில் நெதர்லாந்து அரசு தலையிட்டது. அக்டோபரில் அதன் சீன ஆலையின் ஏற்றுமதிக்குச் சீனா தடை போட்டது. அங்கிருந்து வருவது டயோடு, டிரான்சிஸ்டர் மாதிரி மிக மலிவான சரக்கு. அது இல்லாமல் மெக்சிகோவில் ஹோண்டா ஆலை நின்றது.

தட்டுப்பாடு வந்தபின் மாற்று தேடினால் மறுசோதனை, மறு அனுமதி என்று மாதங்கள் போய்விடும். டிசைன் மேசையில் தேடினால் அது ஒரு பிற்பகல் வேலை. அப்புறம், அவசரத்துக்குத் தெரியாத புரோக்கரிடம் வாங்காதீர்கள். பழைய போர்டிலிருந்து கழற்றி, மேலே தேய்த்து, புதுப்பெயர் அச்சிட்ட சிப் வரும். கவர் பிரித்து ஈரம் ஏறியதும் வரும். அது ஓவனில் வெடித்து உள்ளே பிளந்துவிடும்.

அக்கா, இங்கே நடப்பதெல்லாம் ஸ்க்ரூ முடுக்கும் வேலைதானே? ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனே 2023-ல் இதைத்தான் கேட்டார். நீங்கள் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. 2020-ல் போன் உற்பத்திக்கு வந்த பி.எல்.ஐ. (உற்பத்தியோடு இணைந்த) ஊக்கத்தொகை கூடுதல் விற்பனைக்குத் தரப்பட்டது. உள்ளே எத்தனை பாகம் இங்கே செய்தது என்று அது பார்க்கவில்லை. போனின் மதிப்பில் பெரும்பங்கு இன்னும் இறக்குமதிதான்.

ஆனால் "ஸ்க்ரூ முடுக்கும் வேலை" என்பதை ஏற்கமாட்டேன். ஒரு எஸ்.எம்.டி. லைனில் (போர்டின் மேல் பாகம் பொருத்தும் மெஷின் வரிசை) பேஸ்ட் அச்சின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளந்து, பழுதின் வேரைத் தேடிப் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் திறமை இல்லாத ஊருக்குப் பாக உற்பத்தி வராது. 1988-ல் தைவானின் ஃபாக்ஸ்கான் சீனாவின் ஷென்ஜெனுக்குப் போனபோதும் அங்கே முதலில் நடந்தது மலிவுக் கூலி வேலைதான். பாகம் செய்பவர்கள் பின்னால் சுற்றிலும் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படியானால் நோக்கியா இருந்தபோதே இங்கேயும் வந்திருக்க வேண்டுமே?

வந்தார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியதும் சப்ளையர்கள் கூடவே வந்தார்கள். 2014 நவம்பர் 1-ல் அது நின்றது; அங்கிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அந்த ஆண்டு இறுதிக்குள் நின்றது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய சப்ளையருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அது வரி வழக்கால் மூடியது. இதில் சப்ளையர் என்ன செய்ய முடியும்? (ஓசூர் வாசகர்)

வரி வழக்கு பெரிய காரணம்தான். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை சேரவில்லை. ஆனால் பட்டன் போனின் காலமும் அப்போது முடிந்துகொண்டிருந்தது. வழக்கைச் சப்ளையர் தடுத்திருக்க முடியாது. மொத்த ஆர்டரையும் ஒரே இடத்திலிருந்து வாங்காமல் இருந்திருக்க முடியும். கார், மருத்துவக் கருவி, மின்மீட்டர் என்று பிரித்து வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

இன்று ஐபோன் ஆர்டரைச் சுற்றி வளரும் சிறு நிறுவனங்களையும் இதே கவலையோடுதான் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் லாப விகிதமே ஒற்றை இலக்கம். ஒரு காலாண்டு ஆர்டர் நின்றால் சம்பளம் நிற்கும். 2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் பாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பல அடுக்கு பி.சி.பி. (சர்க்யூட் போர்டு), கேமரா மாட்யூல் எல்லாம் அதில் உண்டு. அதை எடுப்பவர்கள் இரண்டாவது வாடிக்கையாளரையும் முதல் நாளிலிருந்தே தேட வேண்டும். இந்த விவாதத்தை இத்தோடு விடுகிறேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஏ.ஐ. வந்தால் ஆபரேட்டர் வேலை போகுமா?

ஏ.ஓ.ஐ. (தானியங்கிப் படச் சோதனை) கேமரா நல்ல போர்டையும் பழுது என்று நிறுத்தும். அதைத் திரையில் மறுபடி பார்த்து விடுவிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலை குறையும், குறைந்துகொண்டும் இருக்கிறது. ரீவொர்க் (பழுதான போர்டைச் சரிசெய்வது), லைன் மாற்றம், மெஷின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆள் போதவில்லை. நிறுவனங்கள் அங்குள்ளவர்களுக்கே அதைக் கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறக்குமதி வரி எந்தத் தலைப்பில் வரும்?

சுங்க முகவரைக் கேளுங்கள். என் துறை இல்லை.

100 போர்டு செய்ய தோராயமாக விலை?

மேலே எழுதியிருக்கிறேன்.

இ.சி.இ. இறுதியாண்டு அக்கா. எதைக் கற்றால் வேலை கிடைக்கும்?

தம்பி, கிகாடில் (போர்டு வரையும் இலவச மென்பொருள்) ஒரு சின்ன போர்டு வரைந்து, செய்து வாங்கி, நீயே சால்டர் செய். பிறகு ஐ.பி.சி.-ஏ-610 என்ற அசெம்பிளித் தர அளவுகோலைப் பார்த்து உன் சால்டரை நீயே மதிப்பிடு. நேர்முகத்தில் அந்தப் போர்டை மேசையில் வை.

விலை குறைந்தபட்சம் எவ்வளவு என்றாவது சொல்லுங்களேன்.

கோப்பு இல்லாமல் விலை இல்லை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

மைக்ரோகன்ட்ரோலருக்கு எப்படி இரண்டு பார்ட் நம்பர்? எங்களுடையது ஒரே கம்பெனியில்தான் கிடைக்கும்.

நல்ல கேள்வி. காலுக்குக் கால் பொருந்தும் வேறு சிப் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால், அதே குடும்பத்தில் மெமரி கூடிய, அதே பேக்கேஜில் வரும் நம்பரை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். தட்டுப்பாட்டில் எல்லா நம்பரும் ஒன்றாகத் தீராது. ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் ஓடும் நிரல்) சிப்பைத் தொடும் பகுதியைத் தனி அடுக்காக எழுதச் சொல்லுங்கள், மாற்ற நேர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டரிடம் உங்கள் மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள். உற்பத்தி நிறுத்த அறிவிப்பும் கடைசி ஆர்டர் தேதியும் அங்கேதான் வரும். வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு அது போய்க்கொண்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.