ஒரே நாளில் பார்க்கக்கூடிய பழைய ஆங்கிலேயச் சந்தை நகரம் எது?

என் தேர்வு லட்லோ. வேல்ஸ் எல்லையை ஒட்டி ஷ்ராப்ஷயரில் இருக்கிறது. ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரஃபோர்டுக்கும் நடுவே ரயில் நிற்கும். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தே போய்விடலாம்.

கிழமை பார்த்துப் போங்கள். திங்கள், புதன், வெள்ளி, சனிதான் வழக்கமான சந்தை நாட்கள். கோட்டை வாசலுக்கு முன்னாலேயே கடை விரிப்பார்கள். கோட்டை 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502இல் இங்கேதான் இறந்தார். அவர் இருந்திருந்தால் தம்பி எட்டாம் ஹென்றி அரியணை ஏறியிருக்கவே மாட்டார்! உள்ளே வட்ட வடிவத் தேவாலயம் ஒன்று உண்டு, விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், புனித லாரன்ஸ் தேவாலயம். பாடகர் குழுவின் மடக்கு இருக்கைகளுக்கு அடியில் இடைக்கால மரச் செதுக்கல்கள் இருக்கின்றன. குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒன்றில், அளவில் ஏமாற்றிய மதுக்கடைக்காரியைப் பேய் நரகத்துக்குத் தூக்கிப் போகிறது. சந்தை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது.

1619இல் கட்டிய ஃபெதர்ஸ் விடுதியின் மரச்சட்ட முகப்பைத் தெருவில் நின்றே ரசிக்கலாம். பிராட் தெருவில் இறங்கினால் பழைய நகர வாயில் வரும், அதைத் தாண்டினால் ஆறு. செப்டம்பரில் உணவுத் திருவிழா நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரயிறுதியைத் தவிர்ப்பது நல்லது.